ஒரு கட்டம் கீழே

ஐப்பசி பிறந்ததும் பட்டியல் வந்துவிடும்,
முத்திரை குத்திய ஒற்றைத் தாள்:
வருகிற வருஷம் எந்தெந்தத் தேதி சிவப்பு.

முப்பத்தேழாம் தெருவில் மாடிப்படிக்கு அடியில் எங்கள் அச்சகம்.
ஃபிலிமை வெட்டி ஒட்டுவது தூரா.
பிழை பார்த்துச் 'சரி' போடுவது நான், மரகதவல்லி;
அடையாள அட்டையில் டோ கின் லே.
அரிசிக் கடைக்கும் கோயில் டிரஸ்டுக்கும் ஒரே காலண்டர்தான்,
பர்மியப் பிறையும் தமிழ்த் திதியும்
ஒரு கட்டத்துக்குள் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும்,
எங்களைப் போல.

ஜனவரி நான்கு, சிவப்பு.
விடியற்காலை நாலு இருபதுக்கு,
ஜோசியர் குறித்த நேரத்தில் கொடி மாறியது.
நல்ல நேரம் பார்த்துப் பிறந்த நாடு.
அப்புறம் யாரும் ஜாதகத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் இரண்டு, சிவப்பு. உழவர் தினம்.
டாங்கி உழுத தினம் என்பார் பழைய முதலாளி,
கதவைச் சாத்திவிட்டு.

மார்ச் இருபத்தேழு
ஒரு காலத்தில் எதிர்ப்பு தினம், இப்போது ராணுவ தினம்.
எண் அதேதான், மையும் அதேதான்,
பெயர் மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டது.

பட்டியலில் இல்லாதவையும் எனக்கு மனப்பாடம்.
அறுபத்து நாலு மே பதினேழு:
ஐம்பதும் நூறும் இனிச் செல்லாது என்றார்கள்.
வெறும் மடியோடு எங்கள் ஆட்கள் கப்பல் ஏறிய வருஷம்.
அன்று ஞாயிற்றுக்கிழமை,
ஆகவே காலண்டரில் ஏற்கெனவே சிவப்பு.
எங்களுக்காக இல்லை.

இருபத்தொன்று பிப்ரவரி ஒன்று, திங்கள்.
ராகு காலம் ஏழரைக்குத்தான்.
அவர்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

எட்டு எட்டு எண்பத்தெட்டும் திங்கள்.
மிஷின் ஓட்டும் என் அண்ணன் வடமலை
அன்று வேலைக்கு வரவில்லை.
வருகைப் பதிவேட்டில் 'லீவு' என்று எழுதினேன்.
செவ்வாய்க்கும் எழுதினேன். அந்த வாரம் முழுக்க எழுதினேன்.
பதிவேடு தீர்ந்து புதியது வாங்கியபோது
முதலாளி அவன் பெயரை ஏற்றவில்லை.
லீவு முடிந்ததென்று யாரும் சொல்லவும் இல்லை.

முப்பத்து நாலு முறை ஆகஸ்ட் தாளைத் திருத்தியிருக்கிறேன்.
எட்டாம் தேதி கறுப்பு. சரி.
கறுப்பு. சரி.
கறுப்பு.

போன வருஷம், இருபத்து மூன்றுக்கான வேலை.
கரண்ட் நாலு மணி நேரம் வரும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.
ஆகஸ்ட்டில் ஒரே ஒரு சிவப்பு:
ஒன்றாம் தேதி, செவ்வாய், வாசோ பௌர்ணமி.
ப்ரூஃப் வந்தது, ஈரத்தோடு.
ஒன்று கறுப்பாக இருந்தது.
நேர் கீழே, ஒரு கட்டம் தள்ளி
எட்டு சிவந்திருந்தது.

தூராவைப் பார்த்தேன்.
அவனுக்கு இருபத்தாறு வயது.
எண்பத்தெட்டில் அவன் அம்மாவே பள்ளிக்கூடப் பெண்.
அவன் பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்,
தேவைக்கு மேல் கவனமாக.

கை தவறியதா என்று கேட்கலாம்.
கேட்டால் பதில் வரும்,
பதில் வந்தால் அது எனக்குத் தெரிந்த விஷயமாகிவிடும்.
புத்தர் நாளைக் கறுப்பாக விட்டது பாவம், அதுவும் தெரியும்.
பேனாவைத் திறந்தேன். மை இறங்கவில்லை.
உதறினேன், மேஜையில் ஒரு துளி தெறித்தது.
'சரி' என்று எழுதித் தேதி போட்டேன்.

அறுநூறு பிரதி போனது.
யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.
பௌர்ணமிக்கு விரதம் இருப்பவர்கள் நிலாவைப் பார்த்துக்கொண்டார்கள் போல.

பிப்ரவரியிலேயே வந்தார் பஜூண்டாங் டீக்கடைக்காரர்,
இன்னொரு காலண்டர் வேண்டுமாம்.
கிழிந்துவிட்டதா என்றேன்.
இல்லை, ஆகஸ்ட்டை மட்டும் யாரோ
அழகாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்,
சுவரைப் பார்த்தபடி.

ஆயிரத்து ஐந்நூறு கியாட் என்றேன்.